பதினான்காம் இலக்கத்தை அழுத்தவும்

பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால்
முட்டைத் தட்டுகள் ஒட்டிய அறை.
கதவைச் சாத்தினால் கடல் நின்றுவிடும்,
ரயில் நிற்காது.
பாணந்துறை ரயில் போய்த் தொலையும்வரை
கன்னியின் நீல மேலாடையைப்
பாதி வாக்கியத்தில் பிடித்துக்கொண்டிருப்பேன்.
கண்ணாடிக்கு அப்பால் இம்தாத்
ஒரு விரலைத் தூக்கி வைத்திருப்பான்.
இறக்கினால் மேலாடை தொடரும்.

நான் பார்த்திராத மாளிகை அது.
தெரிந்ததெல்லாம் இலக்கங்கள்:
மூன்றில் ஒரு குதிரை,
ஏழில் கம்பளி வணிகனின் மனைவி,
எட்டு திருத்த வேலைக்காக மூடியிருக்கிறது.
"இப்போது இடப்பக்கம் திரும்புங்கள்.
ஜன்னல் வெளிச்சம் அவள் தோளில் விழுவதைக் கவனியுங்கள்."
என் இடப்பக்கம்
ஒரு தண்ணீர்ப் போத்தலும் இம்தாத்தின் ஹெல்மெட்டும்.

"அக்கா, கொஞ்சம் உயிரோட வாசிங்க,
மரண அறிவித்தல் மாதிரி இருக்கு" என்றான் முதல் நாள்.
பத்தொன்பது வருஷம் வானொலியில்
அதைத்தானே வாசித்தேன்.
அன்னாரின் பூதவுடல், பிற்பகல் நான்கு மணிக்கு,
கனத்தை மயானம்,
காலஞ்சென்றவர்களின் அன்பு மருமகன்,
பாசமிகு தகப்பன்.
ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே
எவ்வளவு மூச்சு என்று
என் தொண்டைக்குத் தெரியும்.
அந்த அளவை மறக்க மூன்று நாள் போனது.

அனுப்பியிருந்த தமிழில்
பதினான்காம் படத்தின் பெயர் 'அறிவிப்பு'.
வானதூதர் என்ன கோட்டை ரயில் நிலையத்திலா நிற்கிறார்?
கொட்டாஞ்சேனையில் ஞானஸ்நானம் பெற்றவள் நான்.
வெட்டிவிட்டு 'மங்கள வார்த்தை' என்று எழுதினேன்.
'மறுமலர்ச்சி'யை வெட்டவில்லை.
ஆனாலும் ஒவ்வொரு தடவையும்
முதல் இரண்டெழுத்தில் நாக்கு தடுக்கியது.
போன மாசியில் விசாவுக்குப் போட்டிருந்தேன்.
வந்த பதிலும் தமிழில் வாசித்தால்
அதே இரண்டெழுத்தில் தொடங்கி
மலராமல் முடிந்தது.

பதினான்கை ஐந்து தடவை எடுத்தோம்.
தூதரின் வாய் திறந்திருக்கிறது.
அவள் இன்னும் நிமிரவில்லை.
மூடிய புத்தகத்துக்குள் ஒரு விரல்,
வாசித்த இடம் தொலையாமல்.
கடைசியில் எல்லாப் படத்துக்கும் பொதுவான வரி:
"உங்கள் வேகத்தில் பாருங்கள்.
சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு நிற்கும்."
நான் "பதிவு" என்பதை மாற்றி
"நான் நிற்பேன்" என்று வாசித்தேன்.
இம்தாத் கவனிக்கவில்லை,
அல்லது ரயில் வருமுன் முடிந்தால் போதுமென்று விட்டுவிட்டான்.

எட்டு மாதம் கழித்து ஒரு வாட்ஸப்.
பெனடிக்ற், மன்னார்ப் பக்கம்.
அங்கே திரும்பி வரும் கருவிகளை
ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிற வேலையாம்.
"தமிழ் ரெண்டுதான் அக்கா இருக்கு.
ஒண்டுக்கு பற்றரி சரியில்ல.
ஞாயிறு கனடாவில இருந்து ஒரு அம்மா வந்தவ.
பதினாலில நிப்பாட்டிப்போட்டு
முக்கால் மணித்தியாலம் வாங்கில இருந்தவ.
கேட்டன்.
எங்கட அவரை வாசிச்ச ஆள் இவதான் எண்டா.
குரலை வச்சில்லையாம்,
நடுவில விடுற மூச்சை வச்சு."

அவர் பெயர் என்னவென்று எழுதிக் கேட்டேன்.
அதை அவன் கேட்கவில்லை.
எந்தச் சொல்லில் நிறுத்தினா?
"தெரியாது அக்கா. கருவியில இலக்கம் மட்டும்தான் காட்டும்."

காலி வீதியில் நின்று இதை வாசித்தேன்.
பத்தொன்பது வருஷத்தின் பெயர்களில்
ஒன்றுகூட வரவில்லை, மணிகள் வந்தன.
பிற்பகல் இரண்டு. பிற்பகல் நான்கு.
நூற்றைம்பத்தைந்து வந்தது.
விரலை உயர்த்தினேன்,
அது நிற்கவில்லை.
விரலை இறக்க
எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.