நீலச் சட்டை

தனவேலு தன் நீலச் சட்டையை எனக்குக் கொடுத்தான்.
போன தீபாவளிக்குச் சீர்காழியில் எடுத்தது,
கல்லூரிக்குப் போட்டுப் போக.
இருமுறைதான் போட்டான்,
இரண்டும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு.

முதல் தடவை மரத்தடியில் நின்றுவிட்டு வந்தான்.
அடுத்த தடவை உள்ளே கூப்பிட்டு
"பாம்பு பிடிப்பியா? எலி தின்பியா?" என்றார்களாம்.
கணக்கில் தொண்ணூற்றொன்று என்றானாம் இவன்.
"சட்டையெல்லாம் ஜோராத்தான் இருக்கு,
இருளன் மாதிரி இல்லையே."

வாங்கிக்கொண்டேன்.
மடிப்புக்கூடக் கலையாத சட்டை, யார் வேண்டாம் என்பார்கள்?
மறுநாள் நண்டுக்கம்பியைத் தங்கைக்குக் கொடுத்தான்.
அதற்கு மறுநாள், போனின் பூட்டு எண்ணைச்
சும்மா என்னிடம் சொல்லிவைத்தான்.
அப்போதுதான் உறைத்தது.

இறால் பண்ணையில் அன்று எனக்கு ராக்காவல்.
சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தன.
வயிற்றுவலி என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு
டார்ச்சோடு கரைமேல் நடந்தேன்.
கொள்ளிடம் வற்றிச் சேறு மின்னியது.
கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ?
கேட்காமல் விட்ட வீடு ஒன்று
எங்கள் தெருவில் உண்டு.

படகோரம் உட்கார்ந்திருந்தான்.
"சாகணும்னு நினைக்கிறியாடா?"

வெகுநேரம் கழித்து "ம்" என்றான்.
அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது.
பையில் பாதி வறுகடலை இருந்தது.
ஏற்றம் திரும்பிக் காலை நனைக்கும்வரை
அவன் பேசினான்.
நடுவில் ஒருமுறை சிரித்தான், அதுதான் பயமாக இருந்தது.

விடிந்ததும் பஸ். அரசு ஆஸ்பத்திரி.
மனநல டாக்டர் வருகிற நாள் இல்லை அது.
"இவரை நான் அனுப்பமாட்டேன், உட்காருங்க"
என்று நர்ஸம்மா போனை எடுத்தார்.
சீட்டில் பேர், வயது, ஊர்.
"சாதிச் சான்று வேணுமா மேடம்?" என்றான் தனவேலு.
"எதுக்கு?" என்றார்.
திரும்பும் வழியில், ஜன்னலோரம்,
எதுக்கு, எதுக்கு என்று
அவன் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை.
சில ராத்திரி கூப்பிடுவான்;
சக்கரச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்பேன்.
நேற்று வந்து சட்டையைத் திருப்பிக் கேட்டான்.
விரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்:
"ரெண்டாவது பட்டன் எங்கடா?"

எங்கே விழுந்ததோ.
டார்ச் அடித்து, இரண்டு பேரும்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.