பன்னிரண்டு பெருக்கல் பதினெட்டு

பர்கூர் ரோட்டில் கல் அறுக்கும் பட்டறையில்
கணக்கு எழுதுகிறேன்.
பெரிய ரம்பத்தின் மோட்டார்
முதல் சுற்றுக்கு எழும்போது
மேசை விளக்கு ஒருமுறை கண்மூடித் திறக்கும்.
நானும் கூடவே மூடித் திறப்பேன்.
ஒன்பது வருடத்துப் பழக்கம்.

அதனால்தான்
பழையபேட்டைக் கடையில் இம்தியாஸ்
மூன்று விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டை
பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிக் காட்டியபோது
எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்டேன்.
"எத்தனை ஃப்ரேம் வரும்னு கேளுங்க மேடம்,
எல்லாரும் அதத்தான் கேப்பாங்க."

கசர் போக வந்த சீட்டுப் பணம் நாற்பதாயிரம்
கைப்பையின் உள் ஜிப்பில்.

அடுத்து ஒன்று எடுத்தான்.
பெங்களூர் சரக்கு, பாதி விலை.
திருகாணித் தலைகளில் கீறல்,
விசிறி நடுவில் எண்ணெய் கசிந்து காய்ந்த வட்டம்.
"காயின் எடுக்க ஓட்டினது, அவ்ளோதான்."
எத்தனை ராத்திரி என்றேன்.
சிரித்தான்.
நைட் ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் சாய்ந்தவர்களின் முகம் அதற்கு.
வேண்டாம், அது தூங்கட்டும்.

இரண்டு விசிறி, எட்டு ஜிபி, நூற்றைம்பது வாட்,
இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
சரி என்றதும் கேபினெட்டைத் தட்டினான்.
"பவர் சப்ளை இதோட ஃப்ரீ. நானூத்தம்பது வாட்."

கையில் வாங்கினேன்.
காலி டிபன் பாக்ஸ் கனம்.
பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்து:
பன்னிரண்டு வோல்ட் வரிக்குப் பதினெட்டு ஆம்பியர்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் பெருக்கினேன்.
இருநூற்றுப் பதினாறு.

"இம்தியாஸ்,
மீதி இருநூத்தி முப்பத்துநாலு வாட் எங்க போச்சு?"

அவன் கால்குலேட்டரை எடுத்தான்,
அழுத்தினான், வைத்தான்.
"மூணு வருஷமா விக்கிறேன் மேடம்,
யாரும் பெருக்கிப் பாத்ததில்ல."

மேல்தட்டிலிருந்து வேறொன்று இறங்கியது.
கறுப்பு. ஒரு வண்ண விளக்கும் கிடையாது.
அறுநூற்றைம்பது வாட், செங்கல் கனம்,
ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்.
"இந்தக் காசப் போட்டா கார்டுல ஒரு படி மேல போலாம், யோசிங்க."

யோசித்தேன்.
கண் இமைக்கிற நேரத்துக்கு மட்டும்
கார்டு இரண்டு மடங்கு கேட்குமாம்.
ரம்பமும் அப்படித்தான்.
கேட்கிற நேரத்தில் இல்லையென்றால்
பிளேடு பாதிக் கல்லில் மாட்டி நிற்கும்,
அன்றைய கணக்கில் ஒரு சிவப்பு வரி
என் கையெழுத்தில்.

இரண்டு பெட்டியும் மடியில்.
காவேரிப்பட்டணம் பஸ்.
பக்கத்து இருக்கைக்காரி மிக்ஸியா என்றாள்.
ஆமாம், நல்லா அரைக்கும் என்றேன்.

ஆனி மாதம் எங்கள் லைனில்
வோல்டேஜ் என்று ஒன்று மிஞ்சாது.
மாங்கூழ் ஆலைகள் மொத்தத்தையும் குடித்துவிடும்.
அன்றிரவும் ஃபேனின் இறக்கைகளை
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடிந்தது.
டியூப்லைட் பழுத்துத் தொங்கியது.
திரையில் என் லாரி மட்டும்
பனி விழும் மலைச்சாலையில்
இரண்டு முகப்பு விளக்கும் ஒரு சொட்டுக் குறையாமல்.
நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு
மேசைக்கடியில் குனிந்தேன்.
கறுப்புப் பெட்டி இருக்கும் பக்கம்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
இளஞ்சூடு.

முனிராஜு வந்தபோது மணி இரண்டு.
சென்னைத் துறைமுகத்துக்குக் கூழ் டின் ஏற்றிப்போய்
மூன்று நாள் ஆகியிருந்தது.
சட்டை மாற்றாமல் என் பின்னால் நின்றான்.
ஊரெல்லாம் ஓட்டிவிட்டு வந்தால்
வீட்டிலும் லாரியா என்று சிரிக்கப்போகிறான் என்றிருந்தேன்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
"டோல்கேட் இல்லியா இந்த ரோட்டுல?"
இருக்கு, க்யூ இல்ல என்றேன்.
கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தான்.
"லோடு என்னா?"

அதை நான் பார்க்கவேயில்லை.
எந்த பட்டன் என்று தேடி அழுத்தினேன்.
மரக்கட்டை, பதினெட்டு டன்.

"அப்ப எறக்கத்துல
ரெண்டாவது கியர்லயே போ" என்றான்.