பின்கதவு

கொக்கியை வெளியே வைத்துவிட்டு வா என்றார்கள்.
உள்ளே எண்ணெய்த் தொட்டி இருக்கிறதாம்,
குத்திவிடுமாம்.
இருபத்தொரு வருஷத்தில்
கொக்கி இல்லாமல் நான் தூக்கிய முதல் மூட்டை.

தஞ்சாவூர் விமானப்படைத் தளம்.
புயல் போன மூன்றாம் நாள்.
கிடங்கிலிருந்து எங்கள் பதினாலு பேரை
லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள்.
வெடித்த இலவங்காய் மாதிரி
பின்பக்கம் பிளந்து நின்றது ஹெலிகாப்டர்.
இறக்கைகள் துவண்டு தொங்கின.
"இதுவா பறக்கும்?" என்றான் சவுரிராசு.

அரிசி, பால் பவுடர், தார்ப்பாய், மெழுகுவத்தி.
போதும் என்று கையைக் காட்டுவார்
மணிப்பூர்க்காரர் லைஷ்ராம்.
நடைக்கு நடை தரையைப் பெருக்குவது என் வேலை.
தகரத் தரை. வரிசையாய் வளையங்கள்,
எதையும் கட்டிப்போட.

துடைப்பத்தில் முதலில் வந்தது ஊசி ஊசியாய் இலை.
எங்கள் பக்கம் எந்த மரத்துக்கும் அப்படி இலை இல்லை.
அப்புறம் கோவேறு கழுதை முடி.
பனிமலைக்குப் பீரங்கியைப் பிரித்து ஏற்றியபோது
பூட்டிய கயிற்றோடு வந்ததாம்.
ஒரு வளையத்தின் அடியில் சாமந்தி இதழ்கள்.
மந்திரி மாலையா என்று சைகையில் கேட்டேன்.
லைஷ்ராம் தலையாட்டவில்லை.
"பாக்ஸ்" என்றார்.
குனிந்து, தரையில்
தன் நீளத்துக்குக் கையால் அளந்து காட்டினார்.

கொஞ்ச நேரம் பெருக்கவில்லை.

கடைமடையில், வண்டல் கிராமத்தில் என் தங்கை தையல்நாயகி.
படகுகூட வரலைண்ணே என்றாள்,
அதோடு போன் அணைந்துவிட்டது.
ஒரு மூட்டையில் கரியால் 'வண்டல்' என்று எழுதினேன்.
மேலேயிருந்து பார்த்தா
இப்ப எல்லா ஊரும் வண்டல்தான் என்றான் சவுரிராசு.
இறக்கை சுழன்றதும் துவண்டதெல்லாம் நிமிர்ந்தது.
எங்கள் துண்டுகள் பறந்தன,
மேஸ்திரி வைத்தியலிங்கத்தின் கணக்கு நோட்டும்.
எத்தனை நடை என்பதில் இன்னும் தகராறு.

ஏழாம் நாள் கிளம்பிவிட்டது.
எங்கேயோ மலையில் காட்டுத்தீ,
அடியில் வாளி கட்டித் தண்ணீர் ஊற்றவேண்டுமாம்.
"இங்கேயே மொண்டுக்கிட்டுப் போகச் சொல்லு.
வேணும்கிற மட்டும் கிடக்கு."

அதற்கு முன்னால் கடைசியாய் ஒரு தடவை பெருக்கினேன்.
திரும்பும் நடையில் ஆள் ஏற்றி வந்திருக்கிறார்கள்.
சேறு. தேங்காய் நார். அறுந்த செருப்பு வார்.
மூலையில், வளையத்தைச் சுற்றி,
ஆட்டுப் புழுக்கை.

ஆட்டை விட்டுட்டு ஏறமாட்டேன் என்று
எவளோ அடம்பிடித்திருக்கிறாள்,
ராணுவத்திடம்.

உட்கார்ந்து பார்த்தேன்.
ஒரு ஆடு போட்டதில்லை, ரெண்டு.
தையலிடம் ரெண்டுதான்.