தூக்கிச் சாத்தும் கதவு

முப்பத்தொரு வருஷம் நெய்வேலி குவார்ட்டர்ஸில்
ஓர் ஆணி அடித்ததில்லை நாங்கள்.
காலண்டரைக்கூட
ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டோம்.
காலி செய்யும்போது ஓட்டைக்கு ஓட்டை
பணம் பிடிப்பார்கள் என்று யாரோ சொன்னதைக்
கடைசிவரை நம்பினார் இவர்.

காடாம்புலியூர் தாண்டி
முந்திரித் தோப்புக்குள் இந்த வீட்டை முடித்ததும்
முதலில் வாங்கியது சுத்தியல்.
ஒரே பகலில் பதினேழு ஆணி.
எதை மாட்டுவது என்று
பிறகுதான் யோசித்தோம்.

கொட்டகையில் கிடந்த மரத்தொட்டியைக்
கவிழ்த்து டீப்பாய் ஆக்கினேன்.
அதன்மேல் மகன் அனுப்பிய, தொட்டால் எரியும் விளக்கு.
இன்வெர்ட்டரை மறைக்கப் பித்தளை அண்டா,
அண்டாவுக்குள் மணி பிளான்ட்.
மருமகள் வீடியோ காலில் பார்த்து
'சூப்பர் அத்தை' என்றாள்.
எனக்கென்னவோ
பட்டுப்புடவைக்குக் கீழே
ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருந்தது.
சௌகரியமாகவும் இருந்தது.

தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு வேண்டும்.
கன்னியக்கோயில் சாலையில் அந்துவான் கடை.
வெயிலில் சாய்ந்து நிற்கின்றன,
வீடில்லாத கதவுகள்.
'இது வெள்ளைக்காரத் தெருவுல இருந்தது'
என்று பச்சையாய் ஒன்றைக் காட்டினார்.
விலை கேட்டு நகர்ந்தோம்.
ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி, பலாப் பலகையில் ஒன்று.
பூவேலை கிடையாது. நிலையோடு சேர்த்து ஒன்பதாயிரம்.
'கிராமத்துச் சரக்கும்மா.'
நான் பேரம்கூடப் பேசவில்லை.

சிகாமணி ஆசாரி புரட்டிப் போட்டு
இழைப்புளியை எடுத்தபோதுதான் பார்த்தோம்,
சிவப்புப் பெயின்ட்டில், கோணலாய்,
114.

'ரெண்டு இழுப்பு, போயிடும்.'
'வேணாம்' என்றார் இவர்.
அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லை.

ராத்திரி சொன்னார்.
சுரங்கம் நகர்வதற்கு முன்னால்
பெயின்ட் டப்பாவோடு ஆட்கள் போவார்களாம்.
வீட்டுக்கு ஒரு எண்.
கிணற்றுக்கு இவ்வளவு, பலா மரத்துக்கு இவ்வளவு.
இவர் இயந்திரம் வந்து நிற்கும்போது
அங்கே மண் மட்டும்தான் இருக்கும்.
அத்தனை உயரத்தில் லிவர் பிடித்து உட்கார்ந்தவருக்கு
மேலே செம்மண், பிறகு களிமண்,
அடியில் கரி.
'கதவெல்லாம் அதுக்கு முன்னாடியே போயிடும்.
எங்க போகுதுன்னு நாங்க கேட்டதில்ல.'

ஏதாவது கணக்கெடுப்பில் போட்ட எண்ணாகவும்
இருக்கலாமே என்றேன்.
'இருக்கலாம்' என்றார்.
விளக்கைத் தொட்டு அணைத்தார்.

நான் புதுச்சேரியில் வாங்கிய சுடுமண் சூரியனை
114 மேல் மாட்டினேன்.
பதினெட்டாவது ஆணி.

கதவு சாத்தவில்லை.
கீலை மாற்ற ஆசாரியை இவர் விடவுமில்லை.
இரண்டு வாரம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தேன்,
தாழ்ப்பாள் பக்கம் லேசாகத் தூக்கி
முழங்காலால் ஒரு தட்டு.
மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், வரவில்லை.
இவருக்கு இன்னும் வரவில்லை.

பங்குனியில் முந்திரி பொறுக்க ஆட்கள் வந்தார்கள்.
எல்லோரும் எந்த ஊர் என்று
மேஸ்திரிக்கே சரியாகத் தெரியாது.
கொளஞ்சி என்று ஒருத்தி,
பால் பட்டுக் கறுத்த விரல்கள்,
குடத்தோடு உள்ளே வந்தாள்.
பின்னால் ஆடு நுழைய,
'ஏய், ச்சூ' என்று திரும்பி
கதவைத் தூக்கினாள். லேசாக. இடது கையால்.
முழங்காலால் ஒரு தட்டு.
தாழ்ப்பாள் விழுந்தது.

இவர் கையில் செய்தித்தாள் இருந்தது.
அதைப் படிக்கவில்லை.

குடம் நிறைய நேரமாயிற்று.
கேட்பதற்கு ஒன்று இருந்தது.
'டீ போடறேன், சர்க்கரை எவ்வளவு?' என்று கேட்டேன்.
'ரெண்டா போடுங்க' என்றாள்.

அன்று சாயங்காலம்
பதினெட்டாவது ஆணியை இவர் பிடுங்கினார்.
சூரியன் இப்போது குளியலறைக்கு வெளியே.
ஓட்டை
நாலின் வயிற்றுக்குள் இருக்கிறது.