காதுக்கணக்கு

வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடி.
முகூர்த்த நாளில் பயிற்சி கிடையாது,
அதனால் பஞ்சாங்கம் பார்க்கப் பழகிவிட்டேன்.
என் பிள்ளைகள் தேய்பிறையில் நன்றாக உதைப்பார்கள்.

பதினாலு பேர். நாலு ஹோகு,
நாலிலும் தோல் வெடித்த நெஞ்சு.
உதை பட்டதும் பலகையில் எண் ஏறும் வகை
நாங்கள் கட்டும் மாடி வாடகைக்கு எட்டாது.
ஆகவே நானே இயந்திரம்:
'டப்' என்றால் ரெண்டு,
ஹெல்மெட்டில் 'டொக்' என்றால் மூணு,
'சொத்' என்றால் ஒன்றுமில்லை.
'மாஸ்டர், அது டப்பு!'
'சொத்துதாண்டா. நில்லு. அடுத்து.'

பகலில் பைபாஸ் ரோட்டு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
அங்கே ஒரு ரூபாய் பிசகினால்
ஷட்டர் இறங்கிய பிறகும் உட்கார வேண்டும்.
மாடிக்குத் தணிக்கைக்கு யாரும் வந்ததில்லை.

நாகஜோதியின் வலது கால்
ஈரத்துணியைக் கல்லில் அறைவது மாதிரி கேட்கும்.
கீழே பாத்திரம் தேய்ப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.
அந்தச் சத்தத்துக்கு நான்
யோசிக்காமல் ரெண்டு கொடுத்தேன்
எட்டு மாதம்.

நாற்பத்து நாலு கிலோவுக்குக் கீழே அவள் பிரிவு.
போட்டிக்கு நாலு நாள் இருக்க, நானூறு கிராம் அதிகம்.
கீழே மறுநாள் பந்திக்குப் பூந்தி பொரிகிறது,
மேலே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கயிறு தாண்டுகிறாள்.
கழற்றச் சொல்லி அதட்டினேன்.
மறுநாள் சடையை வெட்டிவிட்டு வந்து நின்றாள்:
'எண்பது கிராம் இருக்குமா மாஸ்டர்?'

ரேஸ் கோர்ஸ் உள்ளரங்கம்.
மூலையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
டப்.
பலகையில் பூஜ்யம்.
டப், டப். கேலரியே திரும்பியது.
பூஜ்யம்.
எதிரில் நீலக் கவசத்துப் பெண்
சத்தமே இல்லாமல் காலை வயிற்றில் வைத்துத் தள்ளினாள்,
ஜன்னல் கதவைச் சாத்துவது போல.
ரெண்டு. இன்னொரு ரெண்டு.

தலைக்குப் பட்ட உதை என்றால் அட்டையைத் தூக்கி முறையிடலாம்.
நெஞ்சுக்கு அந்தப் பெட்டி சொன்னதே தீர்ப்பு.
நாகஜோதி பெட்டியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

ஒரு நிமிட இடைவேளை.
தண்ணீர் கொடுத்தேன், வாயை மட்டும் நனைத்தாள்.
'அறையாதே, தள்ளு' என்றேன்.
எட்டு மாதமாகச் சொல்லியிருக்க வேண்டியது,
நாற்பது வினாடி பாக்கி இருக்கும்போது.

தள்ளிப் பார்த்தாள். தடுமாறி இரண்டு முறை பட்டது.
முதல் சுற்று போயிருந்தது,
இரண்டாவதும் போனது.

ஷேர் ஆட்டோவில் தெற்குவாசல் பாலம் ஏறும்போது கேட்டாள்:
'நீங்க எத்தனை எண்ணினீங்க?'
'பதினாறு.'
'பெட்டி நாலுன்னுச்சு.'
ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.
பை நிறைய ஈரமான துணி வாடை.
பிறகு அவள் பொட்டலத்தைப் பிரித்து
மூன்று பரோட்டா தின்றாள், சால்னா விரலில் வழிய.

திங்கட்கிழமை காலை
ஹோகுவை நான் மாட்டிக்கொண்டேன்.
இரண்டு காதிலும் பஞ்சு.
குதிகாலுக்குப் பின்னால் சாக்பீஸ் கோடு.
கோட்டைத் தாண்டி என்னைத் தள்ளினால்தான் ரெண்டு.
பென்சிகர் தள்ளினான், ஒரு அடி போனேன்.
அவனுக்கு இத்தனை நாள் சொத்துதான் கொடுத்திருந்தேன்.
நாகஜோதி வந்தாள்.
உதைத்தாள்.
விலாவில் ஏதோ புரண்டது,
குதிகால் கோட்டில் இருந்ததா, தாண்டியதா,
'ரெண்டு' என்றேன்.

குனிந்து என் காலடியைப் பார்த்தாள்.
நிமிர்ந்து ஏதோ சொன்னாள், பஞ்சில் கேட்கவில்லை.
உதடு குவிந்த விதத்தில் தெரிந்தது:
சொத்து.