ஓராள் குறை

வவுனியாக் குளக்கட்டுக்குக் கீழே இருக்கும்
நகரசபைப் பூங்காவுக்கு
வருசத்துக்கு ஒருக்கால் வருவேன்.
விளையாட அல்ல, எண்ண.

கையில் பொருட்பதிவேடு. தடித்த மட்டை.
உள்ளே நாலைந்து பேரின் கையெழுத்து.
முதல் பக்கத்தில் ஆரோ ஒரு கிளாக்கர்
நீல மையில் எழுதியிருக்கிறார்:
ஊஞ்சல் எட்டு. சறுக்குமரம் இரண்டு.
வானொலிப்பெட்டி ஒன்று, ஒலிபெருக்கியோடு.
ரோசாச் செடி நூற்றிப்பத்து.
ரோசாவை எண்ண அந்த மனிதருக்கு
நேரம் இருந்திருக்கிறது.

பிறகு பதினொரு பக்கம் வெறுமை.
எண்ணுவதற்கு ஆள் அனுப்பாத வருசங்கள்.
அதில் ஏதோ ஒரு வருசம்
சறுக்குமரத்துக்குக் கீழே ஒரு குடும்பம் சமைத்ததாம்;
சிமெந்தில் இன்னும் கரி.
"இதை எங்கே பதியிறது?"
காவலாளி சவிரிமுத்து தலையைச் சொறிந்தான்.
"அது பொருள் இல்லைத்தானே, மிஸ்."

இன்றைக்கு ஊஞ்சல் நான்கு.
மூன்றுக்குப் பலகை, ஒன்றுக்கு லொறி ரயர்.
ரயருக்குத்தான் வரிசை.
சீசோ ஒன்று, ஒரு பக்கம் கைபிடி இல்லை.
"பாவனைக்கு உதவாது" என்று எழுதி
மை காயமுன்னம்
ருஷ்தாவும் தம்பியும் ஏறிவிட்டார்கள்.
தம்பியின் பாரம் காணாது.
அவள் இறங்கிப்போய்
ஒரு செங்கல்லைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.
பிறகு மேலே போனாள்.
நான் எழுதியதை வெட்டி
பக்கத்தில் சின்னக் கையொப்பம் இட்டேன்.
வெட்டினால் கையொப்பம் வேண்டும்.

ஐந்தரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்
சந்தியில் ஆட்களை இறக்கிப் போகும்.
கழுத்தில் அடையாள அட்டையோடே
ஒருத்தி வந்து ஊஞ்சலில் இருந்தாள்.
பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஏறத் தடை
என்கிறது அறிவித்தல் பலகை.
சவிரிமுத்து உடனே குளத்தைப் பார்க்கத் தொடங்கினான்.
அங்கே ஒரு கொக்கைத் தவிர
பார்க்க ஒன்றும் இல்லை.
நாள் முழுக்கக் கொலர் தைத்தவள்
காலை நீட்டி, மடக்கி, நீட்டி
மருதமரத்துக் கிளைவரைக்கும் போனாள்.
செருப்பொன்று கழன்று பறந்தது.
அவள் நிறுத்தவில்லை.

கணக்கு முடிந்ததென்று நினைத்தேன்.
அப்போதுதான் கண்டேன்.
ரோசாப் பாத்தி இருந்த இடத்தில் வெறும் செம்மண்,
அதில் தடியால் கீறிய கோடுகள்.
கிளித்தட்டு.
எந்தப் பக்கத்திலும் இல்லை அது.
கொள்வனவு இல்லை, விலை இல்லை, தேய்மானம் இல்லை.
மழை வந்தால் அழியும்.
வெயில் வந்தால் கீறுவார்கள்.

"ஓராள் குறையுது, அக்கா."
பல்லுக்குக் கம்பி போட்ட பெடியன், பெயர் யதுர்சன்.
"தட்டு மறிக்க வாங்கோ."
"நான் கந்தோர் வேலையாய் வந்தனான்."
"கந்தோர் மூடியிருக்கும். ஆறாகப் போகுது."

உண்மைதான்.
சாறியை இடுப்பில் செருகினேன்.
கடைசிக் கோட்டின் மூலை அழிந்திருந்தது,
அடையாளத்துக்கு ஏதும் வேண்டுமென்றார்கள்.
பதிவேட்டை விரித்து வைத்தோம்,
காற்றுக்கு மேலே அந்தச் செங்கல்.

என் கைக்குக் கீழால் குனிந்து
ருஷ்தா போய்விட்டாள்.
அவளின் தம்பியை மட்டும் முதுகில் தட்டினேன்,
கொஞ்சம் பலமாகவே.
"பழம்! பழம்!" என்று
அங்கால் யாரோ கத்தினார்கள்.
அந்தத் தொழிற்சாலைப் பெண்
ஒற்றைச் செருப்போடு வந்து நின்று
என் கட்சி சரியில்லை என்றாள்.

திங்கட்கிழமை.
செயலாளர் நாற்பத்தோராம் பக்கத்தை விரித்துவிட்டு
என்னைப் பார்க்கிறார்.
செம்மண்ணில் ஒரு சின்னப் பாதம்,
ஐந்து விரலும் தெளிவாய்.
அதற்குக் கீழே என் எழுத்து:
கிளித்தட்டு ஒன்று. பாவனையில் உள்ளது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திரும்பப் போட்டார்.
விலை நிரலில் பேனையை வைத்து, எடுத்தார்.
கதவுப் பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டு
மெல்லக் கேட்டார்:

"ஆர் கிளி?"