சேவையில் இல்லை

முப்பத்திரண்டாவது வாரத்தில்
ஸ்டீரிங் சக்கரம் உன்னைத் தொட்டது.
இருக்கையைப் பின்னால் தள்ளினேன்,
பிரேக் எட்டவில்லை.
மறுநாளிலிருந்து பணிமனையில் மேசை வேலை:
யாருக்கு எந்த வண்டி,
யார் மூன்று நிமிடம் தாமதம்.

ஆறு வருடம் இரட்டை மாடி ஓட்டியவள்
இப்போது கட்டிலில் இடப்பக்கம் திரும்ப
முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம்,
முட்டுச்சந்தில் மாட்டிய வண்டியாக
வாங்கி வாங்கித் திருப்புகிறேன்.
மெத்தைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு.
மழைக்கோட்டோடு தூங்குவது மாதிரி
ராத்திரி முழுக்கச் சரசரப்பு.

கதவோரம் பை.
நாலு முறை கட்டி, நாலு முறை பிரித்தது.
கைலி இரண்டு. சார்ஜர். அடையாள அட்டை நகல்.
சேரலாதனுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட்
(பசி வந்தால் அவன் வேறு ஆள்).
உனக்கு ஒரு தொப்பி.
அளவு தெரியாமல் என் முழங்காலில் மாட்டிப் பார்த்தேன்.
பொருந்தியது.

வகுப்பில் தாதி
பிளாஸ்டிக் இடுப்பெலும்புக்குள் துணிப்பொம்மையைத்
திருகித் திருகி இறக்கிக் காட்டினார்.
கணவன்மார்கள் செல்பேசியைப் பார்த்தார்கள்.
நான் கணக்குப் போட்டேன்:
வளைவு குறுகல். வண்டி நீளம்.
ஓட்டுநர் புதியவர்.
"வலிக்கு வலி ஐந்து நிமிடம் ஆனதும் வாங்க" என்றார்.
அப்பாடா, எனக்குத் தெரிந்த மொழி.

இன்று விடியற்காலை இரண்டு பத்துக்கு
முதல் வண்டி வந்தது.
அடுத்தது பதினொரு நிமிடத்தில்.
பிறகு ஒன்பது. பிறகும் ஒன்பது.
பிறகு இரண்டு, ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு,
பயணிகள் புகார் எழுதுவார்களே, அப்படி.
கழிவறைக் கதவைப் பிடித்தபடி
மின்கட்டண ரசீதின் முதுகில் நேரம் குறித்தேன்.
துவாஸ் துறைமுகத்தில் இரவு வேலையில் இருந்தவன்
பாரந்தூக்கியின் இரைச்சலுக்கு மேலே
"வந்துடவா? வந்துடவா?" என்று கத்தினான்.
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

டாக்சியில் தனியாக.
அங் மோ கியோவிலிருந்து கே.கே. வரை பதினேழு விளக்குகள்.
பகலில் ஒத்திகை பார்த்தபோது ஒன்பது சிவப்பு.
இந்த இரவில் அத்தனையும் பச்சை,
யாரோ எனக்காகச் சொல்லி வைத்த மாதிரி.
எருமைப்பட்டி என்று பொருள்படும் மலாய்ப் பெயர்
அந்த இடத்துக்கு.
வாசலில் நின்று
பெயருக்குப் பொருத்தமாகவே மூச்சு விட்டேன்.

வயிற்றில் பட்டை கட்டினார்கள்.
காகிதத்தில் சின்னச் சின்ன மலைகள்.
ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த இளம் மருத்துவர்
தன் தவறு போலச் சொன்னார்:
"ஒரு சென்டிமீட்டர்தான். வீட்டுக்குப் போகலாம்."

சூட்டுவலி என்பார்கள். சீரகத் தண்ணீர் குடி என்பார்கள்.
பணிமனைக்காரி எனக்கு அதன் பெயர் வேறு:
உள்ளே விளக்கெல்லாம் எரிய
நெற்றியில் 'சேவையில் இல்லை' என்று எழுதிக்கொண்டு
நிறுத்தத்தைக் கடந்து போகும் வண்டி.
எத்தனை பேர் கை நீட்டி நின்றிருப்பார்கள்.
எத்தனை முறை பார்க்காதவள் போலப் போயிருப்பேன்.

சேரலாதனுக்குச் செய்தி அனுப்பினேன்: பொய்வண்டி.
அவன் ஒரு கேள்விக்குறி அனுப்பினான்.
விளக்கத் தெம்பில்லை.

ஐந்தே முக்காலுக்கு முதல் பேருந்து.
ஓட்டி வந்தது ரொஸ்னானி.
என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
ஒரு பொத்தானை அழுத்தினாள்.

புஸ்ஸென்று காற்று இறங்க
அத்தனை பெரிய வண்டி
நடைபாதைப் பக்கம் சாய்ந்து
எனக்கு முன்னால் மண்டியிட்டது.
சக்கர நாற்காலிகளுக்காக
நான் ஆயிரம் முறை அழுத்திய பொத்தான்தான்.
வெளியே நின்று பார்த்ததில்லை.

முன் இருக்கையில் உட்கார்ந்ததும்
விலாவில் ஓர் உதை.
சரி, சரி.
ரசீதின் முதுகில் இன்னும் இடம் இருக்கிறது.
தாமதத்துக்கு உன் பேரில் யாரும் புகார் எழுதப் போவதில்லை.
வரும்போது மட்டும்
நெற்றியில் எண்ணைப் போட்டுக்கொண்டு வா.